குளிரில் இறுகும் டயர்!

மார்கழி, தை மாதங்களில் ஜவ்வாது மலைக்குக் கார்கள் வரிசையாக ஏறுகின்றன. போளூரில் இருந்து ஜமுனாமரத்தூருக்குப் போகிறவர்கள் உண்டு. ஆலங்காயம் வழியாகக் காவலூர் வானாய்வுக் கூடத்துக்குப் போகிறவர்களும் உண்டு. சிலர் பந்தயக் கார் போன்ற வேகக் கார்களில் வருகிறார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் அதன் வேகத்தைப் பார்த்துவிட அவர்களுக்கு ஆசை.

ஆசை இருக்கட்டும். டயர் என்ன சொல்கிறது?

வேகக் கார்களுக்குப் பெரும்பாலும் கோடைக்கால டயர் மாட்டுகிறார்கள். சூடான சாலையில் அது உடும்புப் பிடியாகப் பிடிக்கும். குளிர் வந்தால் அந்த ரப்பர் இறுகிவிடும். 7 டிகிரிக்குக் கீழே போனால் பிரேக் போட்டாலும் வழுக்கும். ஜெர்மனியில் பனி, உறைபனி நாட்களில் குளிர்கால டயர் இல்லாமல் கார் ஓட்டுவது 2010 முதல் குற்றம்.

ஜவ்வாது மலை ஜெர்மனி அல்ல. இங்கே யாரும் பனி டயர் வாங்க வேண்டியதில்லை. ஆனால் விடியற்காலையில் சாலை பனியில் நனைந்திருக்கிறது. இரவெல்லாம் நின்ற காரின் டயரில் சூடு இல்லை. முதல் சில மைல்களில் அது முழுப் பிடி கொடுக்காது. 2024-ல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி பார்முலா 4 பந்தயம் நடந்தது. இத்தகைய பந்தயங்களில் கார்கள் புறப்படும் முன் பாம்புபோல் நெளிந்து ஓடும். வேடிக்கைக்காக அல்ல, டயரைச் சூடேற்றத்தான்!

ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் இடம் ஓர் உள்ளங்கை அளவுதான். நாலு உள்ளங்கையில் ஒரு குடும்பத்தின் உயிர் இருக்கிறது.

காற்றும் குறையும்

குளிர் 10 டிகிரி கூடினால் டயரில் சுமார் 2 பவுண்டு காற்று குறையும். ஆகவே வண்டி எடுக்கும் முன்பே காற்றைச் சோதிக்க வேண்டும். டயரின் பள்ளங்களுக்குள் சிறு மேடுகள் இருக்கும். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரை மாற்றியே தீரவேண்டும். ஓரத்தில் நாலு எண்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர்.

எதிரே யார்?

காரில் வருகிறவருக்கு அது ஒரு நாள் உல்லாசம். எதிரே வருகிற வேனில் இருப்பவர்கள் மலைவாழ் மக்கள். சாமை மூட்டையோடு சந்தைக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள். அவர்களுக்கு வேறு சாலை இல்லை. 2022 ஏப்ரலில் செம்பரை மலைக் கோயிலுக்குப் போன வேன் பள்ளத்தில் கவிழ்ந்தது. பத்துப் பேருக்கு மேல் மாண்டார்கள். இந்த மலையில் வளைவை அடுத்துப் பள்ளம்தான் இருக்கிறது.

போளூர், ஆலங்காயம் அடிவாரங்களில் அதிகாரிகள் ஒரு பலகை வைக்கலாம். பக்கத்தில் காற்று அடிக்கும் எந்திரம் ஒன்றும் வைக்கலாம். செலவு அதிகம் ஆகாது. விடுமுறை நாட்களில் ஒரு போலீஸ்காரர் அங்கே நின்று, தேய்ந்த டயரோடு வரும் வண்டியை, அது எத்தனை லட்சம் விலையானாலும், திருப்பி அனுப்பட்டும்.