ஓட்டமும் ஒரு போர்வையும்



சென்ற சனிக்கிழமை நம் பங்கைச் சேர்ந்த மூவரோடு பத்துக் கிலோமீற்றர் சாலை ஓட்டம் ஒன்றில் நான் கலந்துகொண்ட படங்களை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். மறுநாள் திருப்பலி முடிந்ததும் ஓர் அம்மா, "சுவாமி, இந்தக் குளிருக்குள்ள உங்களுக்கு உந்த வேலை தேவைதானோ?" என்று உரிமையோடு கடிந்துகொண்டார். அவருக்கு அங்கே சிரித்துச் சமாளித்துவிட்டேன். நாங்கள் நால்வரும் அந்த ஓட்டத்தை முடிக்கவில்லை என்பது படங்களில் இல்லை. ஏன் முடிக்கவில்லை என்பதை, உரியவரின் அனுமதியோடு, இன்று எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை மாலைகளில் செவன் கிங்ஸ் புகையிரத நிலையத்தின் முன் கூடி, ஹை றோட் வழியே குட்மேய்ஸைக் கடந்து சட்வெல் ஹீத் வரை ஓடித் திரும்புவது எங்கள் வழக்கம். ஒருவர் கடை வைத்திருப்பவர். மற்றவர் அறுபதைத் தாண்டிய, ஓய்வுபெற்ற அண்ணர். மூன்றாமவர் இந்நாட்டுக்கு வந்து ஓராண்டுகூட ஆகாத இளைஞர். முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் இரவுப்பணி செய்கிறார்.

அன்று விடியுமுன் கடைக்காரரின் வானில் எசெக்ஸ் நோக்கிப் புறப்பட்டோம். கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டவே பத்து நிமிடங்கள் சென்றன. வானின் திரை மறை ஐந்து பாகை என்று காட்டியது. கனடாவிலும் நோர்வேயிலும் வாழும் நம் உறவுகள் இதைக் கேட்டுச் சிரிக்கக்கூடும். ஆனால் மார்கழிப் பனிக்கே துவாயால் காதைச் சுற்றிக் கட்டும் ஊரில் பிறந்தவர்கள் நாங்கள். சாலையில் உப்புத் தூவியிருந்தார்கள். இருபுறத்துப் புல்வெளியும் வெள்ளையாக விறைத்துக் கிடந்தது. வயல்வெளியிலிருந்து வந்த காற்று முகத்தை அறுத்தது.

ஆறாவது கிலோமீற்றரில் நான் மற்றவர்களுக்கு முன்னே ஓடிக்கொண்டிருந்தேன். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம் என்ற ஆசை வந்தது. அப்போது பின்னாலிருந்து அண்ணர் என்னைக் கூப்பிட்டார். கேட்டது. கேட்ட பிறகும் பத்து அடி ஓடினேன். அந்தப் பத்து அடிகளைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன், உங்களிடமும் சொல்கிறேன்.

திரும்பி வந்தபோது இளைஞர் நின்ற நிலையிலேயே தள்ளாடினார். நாக்குக் குழறியது. மேற்சட்டையின் சிப்பை இழுக்க முயன்றார், விரல்கள் பிடிக்கவில்லை. ஆனாலும் முகத்தில் சிரிப்பு. "ஒரு பிரச்சினையும் இல்லை ஃபாதர், நீங்கள் ஓடுங்கோ" என்றார். அண்ணர் அவரோடு வாதாடவில்லை. தம் தடித்த ஜக்கெற்றைக் கழற்றி அவருக்குப் போட்டார். இருபுறமும் தாங்கியபடி அடுத்த காவல் முனை வரை நடத்திச் சென்றோம். முதலுதவியாளர்கள் நனைந்த சட்டையைக் களைந்து, உலர்ந்த போர்வைகளால் சுற்றி, பிறகு இனிப்பான சூடான தேநீர் கொடுத்தார்கள். ஒரு மணி நேரத்தில் தேறிவிட்டார். இறைவனுக்கு நன்றி.

வானில் திரும்பும்போதுதான் மீதிக் கதை வந்தது. இரவுப்பணி முடிந்து, சாப்பிடாமல், தூங்காமல் வந்திருந்தார். அவருடைய அறை பல வாரங்களாகக் குளிர்ந்து கிடக்கிறது. ஹீற்றரின் கட்டுப்பாடு வீட்டுக்காரர் கையில். நாளுக்கு ஒரு மணி நேரம்தான் சூடு. கேட்டால் அறையை விடச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம். ஊரில் கடன் பட்டு வந்தவர், வட்டி ஏறுகிறது. ஒவ்வொரு செவ்வாயும் நான்கு மாதங்களாக அவர் பக்கத்தில் ஓடிய எனக்கு இவற்றில் ஒன்றும் தெரியாது.

மருத்துவம் சொல்வதைக் கவனியுங்கள். நம் உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ 37 பாகை. அது 35 பாகைக்குக் கீழே இறங்கினால் ஆபத்து தொடங்குகிறது. ஓடும்போது தசைகள் வெப்பத்தை உண்டாக்குவதால் குளிர் தெரிவதில்லை. களைத்து வேகம் குறையும்போது அந்த வெப்பமும் குறைகிறது. வியர்வையில் நனைந்த துணியோ உடலின் சூட்டை உறிஞ்சுகிறது. கை தடுமாறும், கால் இடறும், நாக்குக் குழறும். அதோடு மூளையும் மந்தமாகிறது. தன் நிலையைத் தானே அளக்கும் கருவியே பழுதாகிவிடுகிறது. ஆகவே விறைத்துக்கொண்டிருப்பவர் தாம் நலம் என்று சொல்வது பொய்யன்று. அவர் அதை உண்மையென்றே நம்புகிறார். குளிரில் ஒருவரின் நிலையை அவரைவிட அவர் அருகில் ஓடுபவரே நன்றாக அறிவார்.

பலசாலிகளுக்கு இது நேராது என்று நினைக்க வேண்டாம். 2021 மே 22 அன்று சீனாவின் கன்சு மாகாண மலைகளில் 100 கிலோமீற்றர் ஓட்டம் ஒன்று நடந்தது. ஓடியவர்கள் 172 பேர். திடீரென ஆலங்கட்டி மழையும் உறையவைக்கும் காற்றும் வந்தன. பலர் மெல்லிய உடையே அணிந்திருந்தார்கள். 21 பேர் இறந்தார்கள். அவர்களுள் அந்நாட்டின் மிகச் சிறந்த நெடுந்தூர ஓட்ட வீரர்களுள் ஒருவரும் இருந்தார். ஆறு பேரின் உயிரைக் காத்தவர் ஜூ கெமிங் என்ற ஆட்டிடையர். ஆடுகளோடு மலைக்கு வந்து குகையில் ஒதுங்கியிருந்த அவர், வீரர்களை உள்ளே கொண்டுவந்து, நெருப்பு மூட்டி, போர்வையால் போர்த்தினார். அந்த ஓட்டத்தில் அவருக்கு எண்ணும் இல்லை, பதக்கமும் இல்லை. நல்ல ஆயனைப் பற்றி எத்தனையோ முறை மறையுரை ஆற்றியிருக்கிறேன். இந்த மனிதரை நினைக்கும்போது என் மறையுரைகள் சிறியவையாகத் தெரிகின்றன.

திருத்தூதர் பவுல் தம் ஓட்டத்தை முடித்துவிட்டதாகத் திமொத்தேயுவுக்கு எழுதியதை நாம் அனைவரும் அறிவோம். நம் அடக்கத் திருப்பலிகளில் அதை அடிக்கடி வாசிக்கிறோம். ஆனால் அதே அதிகாரத்தை இன்னும் சில வரிகள் தொடர்ந்து வாசித்துப் பாருங்கள். துரோவாவில் கார்ப்பு என்பவரிடம் விட்டுவந்த போர்வையை எடுத்து வரும்படி கேட்கிறார். தம்மோடு லூக்கா மட்டுமே இருப்பதாகச் சொல்கிறார். குளிர்காலம் தொடங்குமுன் வந்து சேரும்படி மன்றாடுகிறார். விசுவாசத்தில் அவரைவிட உறுதியானவர் யார்? அவருக்கே சிறையில் குளிர்ந்தது. அவருக்கே ஒரு போர்வையும் ஒரு நண்பரும் தேவைப்பட்டார்கள். ஆகவே, துன்பப்படும் ஒருவரிடம் "செபியுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்று மட்டும் சொல்லி அனுப்பும் உரிமை நமக்கு இல்லை. செபத்தோடு போர்வையும் போக வேண்டும்.

காத்திருப்பவர் தோற்றுவிடுவார் என்ற அச்சம் நமக்கு உண்டு. 2018 ஏப்ரல் 16 அன்று பொஸ்டன் மரதன் கொட்டும் மழையிலும் கடுங்குளிரிலும் எதிர்க்காற்றிலும் நடந்தது. தொடக்கத்திலேயே உடல் சரியில்லை, விலகிவிடலாம் என்று எண்ணிய டெசிரே லிண்டன், சக வீராங்கனை ஷலேன் ஃபிளனகனுக்கு உதவுவதாகச் சொன்னார். ஃபிளனகன் கழிப்பறைக்கு ஒதுங்கியபோது வேகத்தைக் குறைத்துக் காத்திருந்து, அவரை மீண்டும் முன்னணிக் கூட்டத்தோடு சேர்த்துவிட்டார். இறுதியில் 2 மணி 39 நிமிடம் 54 விநாடியில் வென்றவர் லிண்டன்தான். 33 ஆண்டுகளின் பின் அமெரிக்கப் பெண் ஒருவர் அங்கே பெற்ற வெற்றி அது. காத்திருந்தால் எப்போதும் வெற்றி கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. எங்களுக்கு அன்று பதக்கம்கூடக் கிடைக்கவில்லை. உயிர்ப்பு நாள் காலையில் கல்லறைக்கு ஓடிய இருவரை நினைத்துப் பாருங்கள். இளையவர் பேதுருவை முந்திச் சென்றார். ஆனால் உள்ளே நுழையவில்லை. பின்னே வந்த பேதுரு நுழையும் வரை வாசலில் நின்றார். முந்தியவர் வாசலில் நின்றதை நற்செய்தி மறக்காமல் பதிவு செய்திருக்கிறது.

பங்குமக்களே, நம் சமூகம் நன்றாக ஓடத் தெரிந்த சமூகம். வெறுங்கையோடு வந்து வீடு வாங்கினோம். பிள்ளைகளைத் தெரிவுப் பரீட்சைக்குத் தயார்செய்து நல்ல பள்ளிகளில் சேர்த்தோம். அதில் குற்றம் இல்லை. ஆனால் புதிதாக வந்தவர்களைப் பற்றிப் பேசும்போது, "நாங்களும் தனியாக வந்து கஷ்டப்பட்டுத்தானே முன்னேறினோம்" என்கிறோம். உண்மையில் நாம் தனியாகக் கஷ்டப்படவில்லை. 1983-க்குப் பின் இங்கு வந்த பெரியவர்களைக் கேளுங்கள். ஓர் அறையில் எட்டுப் பேர். ஒருவர் இரவுப்பணிக்கு எழுந்துபோன படுக்கையின் சூடு ஆறுமுன் மற்றவர் வந்து படுத்தார். ஒரே சட்டியில் சமைத்தார்கள். வறுமை இருந்தது, ஆனால் ஒருவர் விறைத்தால் ஏழு பேருக்குத் தெரிந்தது. இன்று வந்திருக்கும் பிள்ளைக்குத் தனியறை இருக்கிறது. அந்த ஏழு பேர் இல்லை.

இளைஞர்கள் மட்டுமல்ல. துணையை இழந்து, பிள்ளைகள் வேறு நகரங்களுக்குப் போய்விட, கட்டணத்துக்குப் பயந்து ஹீற்றரை நிறுத்திவிட்டு, கம்பளிக்குள் செபமாலை சொல்லும் முதியோர் நம் தெருக்களில் இருக்கிறார்கள். 2018 ஜனவரியில் இந்நாட்டு அரசாங்கம் தனிமைக்கென்று ஓர் அமைச்சரையே நியமித்தது. ஆனால் எந்த அமைச்சராலும் உங்கள் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. அதை நீங்கள்தான் தட்ட வேண்டும்.

"கேட்டால் சுகம் என்றுதானே சொல்கிறார்கள், நாங்கள் என்ன செய்வது?" என்பீர்கள். அந்த இளைஞரும் அப்படித்தான் சொன்னார். அவர் வார்த்தையைக் கேட்ட நான் ஓட நினைத்தேன். அவர் விரல்களைப் பார்த்த அண்ணர் நின்றார். ஆகவே பதிலைக் கேட்டு நகராதீர்கள். கையைப் பாருங்கள். சாப்பிட்டாரா, தூங்கினாரா, அறையில் சூடு இருக்கிறதா என்று இரண்டாம் முறையும் கேளுங்கள்.

இன்னும் சிலருக்கு நேரடியாகச் சொல்ல வேண்டும். அறைகளை வாடகைக்கு விட்டிருப்போரே, ஹீற்றரின் கட்டுப்பாட்டுப் பெட்டியைப் பூட்டி வைத்திருந்தால் இன்றே திறந்துவிடுங்கள். அந்த இளைஞரின் வீட்டுக்காரர் யாரென்று நான் கேட்கவில்லை. அவர் நம்மோடு திருவிருந்தில் பங்குகொள்பவராகவும் இருக்கலாம் என்பதே கேட்காததற்குக் காரணம். கடையும் தொழிலும் நடத்துவோரே, உங்களிடம் வேலை செய்யும் பிள்ளை இரவுப்பணிக்கும் அடுத்த பணிக்கும் இடையில் எங்கே தூங்குகிறது என்று அறிந்துகொள்ளுங்கள்.

செவன் கிங்ஸ் என்ற பெயருக்கு இங்கு ஒரு கதை சொல்வார்கள்: ஏழு அரசர்கள் இங்குள்ள ஓடையருகில் சந்தித்துக் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டினார்களாம். இடப்பெயர் ஆய்வாளர்களோ, பழங்காலத்தில் ஒருவரின் உறவுக்கூட்டம் குடியிருந்த இடம் என்பதே பெயரின் மூலம் என்கிறார்கள். ஏழு வீடுகளில் கதவடைத்த ஏழு அரசர்களாக வாழ்வதைவிட, ஓர் உறவுக்கூட்டமாக வாழ்வதே நமக்கு நல்லது.

அடுத்த ஞாயிறு முதல் ஆலயத்தின் பின்புற அறையில் ஒரு கம்பி கட்டியிருப்போம். நல்ல நிலையிலுள்ள குளிர் அங்கிகளைக் கொண்டுவந்து மாட்டிவிடுங்கள். தேவைப்படுவோர் எடுத்துக்கொள்ளலாம், யாரும் பெயர் கேட்க மாட்டார்கள். செவ்வாய் மாலை ஏழு மணிக்கு வழக்கம்போல் புகையிரத நிலையத்தின் முன் நிற்போம். ஓட முடியாதவர்கள் நடக்க வரலாம். அந்த இளைஞரும் வருகிறார். கடைக்காரரின் வீட்டு மேல்மாடியில் இப்போது அவருக்கு ஓர் அறை கிடைத்திருக்கிறது. அண்ணரின் ஜக்கெற் இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. அண்ணர் திருப்பிக் கேட்கவில்லை.

இக்குளிர்காலம் முழுவதும் இறைவன் உங்களையும் உங்கள் இல்லங்களையும் காத்து ஆசீர்வதிப்பாராக.

செபத்தில் உங்களை நினைக்கும்,
உங்கள் அருட்தந்தை