திரையில் முதலில் நிற்கும் மருந்து

காப்பார் பக்கம் தனியார் கிளினிக்கிற்குப் போய் வருகிறவர்கள், "டாக்டர் என் முகத்தைப் பார்த்ததைவிடக் கணினியைப் பார்த்ததுதான் அதிகம்" என்று குறைபட்டுக்கொள்வதுண்டு. என் கவலை வேறு. அந்தத் திரை அவரிடம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் 'பிராக்டிஸ் ஃபியூஷன்' என்ற நிறுவனம் நோயாளிப் பதிவு மென்பொருளை மருத்துவர்களுக்கு இலவசமாகக் கொடுத்து வந்தது. இலவசமாகக் கிடைத்தால் யார் வேண்டாம் என்பார்? 2016-இல் அது பர்டியூ பார்மா என்ற மருந்து நிறுவனத்திடம் ஏறக்குறைய ஒரு மில்லியன் டாலர் வாங்கிக்கொண்டு, நோயாளியின் வலியை நினைவூட்டும் அறிவிப்பு ஒன்றைத் திரையில் தோன்றச் செய்தது. பார்வைக்கு மருத்துவ ஆலோசனை. உள்ளே, அபின் வகை வலிநிவாரணிகளின் விற்பனையைக் கூட்டும் ஏற்பாடு. 2019 வரை அது நீடித்தது. 2020 ஜனவரியில் அந்நிறுவனம் 145 மில்லியன் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு நவம்பரில் பர்டியூவும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது.

படித்த மருத்துவர் இதற்கெல்லாம் மயங்குவாரா என்று கேட்கலாம். மயக்கமே தேவையில்லை, களைப்புப் போதும். வெளியே முப்பது பேர் காத்திருக்கையில், தயாராக நிரப்பப்பட்ட கட்டத்தை அழித்து வேறொன்றை எழுத யாருக்குப் பொறுமை இருக்கும்? எச்சரிக்கைகளும் அளவுக்கு மீறினால் 'புலி வருது' கதையாகிவிடும், படிக்காமலேயே மூடிவிடுவார்கள்.

இதே வித்தையை நல்லதற்கும் பயன்படுத்தலாம். பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவ அமைப்பில், மருத்துவர் வேண்டாமென்று குறித்தாலொழிய மலிவான ஜெனரிக் மருந்தே மருந்துச்சீட்டில் இடம்பெறும்படி ஒரு கட்டத்தை மாற்றினார்கள். சுமார் 75 விழுக்காடாக இருந்த ஜெனரிக் பயன்பாடு 98 விழுக்காட்டைத் தொட்டதாக 2016-இல் வெளிவந்த ஆய்வு கூறியது.

நம் நாட்டில் 1999-இல் திறக்கப்பட்ட செலாயாங் மருத்துவமனை காகிதமில்லா மருத்துவமனையாகப் பேசப்பட்டது. ஆனால் எனக்கு அச்சம் தருவது பெரிய மருத்துவமனையன்று, தெருமுனைக் கிளினிக். இங்கே மருந்தை எழுதுபவரே விற்பவர். மருந்துச்சீட்டும் கையிருப்புக் கணக்கும் ஒரே மென்பொருளில் இருந்தால், தேங்கிக் கிடக்கும் சரக்கு பட்டியலில் முதலில் வந்து நிற்பது எவ்வளவு எளிது!

2025 மே முதல் தேதி தொடங்கி தனியார் கிளினிக்குகள் மருந்து விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும். நல்ல சட்டம். அத்தோடு, திரையிலுள்ள மருந்துப் பட்டியலை வரிசைப்படுத்தியவர் யார், அதற்குப் பணம் கொடுத்தவர் எவரேனும் உண்டா என்பதையும் மென்பொருள் விற்பவர்கள் எழுத்தில் தெரிவிக்கும்படி சுகாதார அமைச்சு கேட்க வேண்டும். இங்கே மருத்துவம் பயிலும் நண்பர்கள் அமைச்சுக்காகக் காத்திருக்காமல், வேலைக்குப் போகும் முதல் கிளினிக்கிலேயே இதைக் கேட்டுப் பார்க்கலாம்.