கேட்டுட்டுப் பிய்க்கணும்

என் பேத்திக்கு நான்கு வயது. ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள். எங்கள் தெருவில் இதற்கு அடம், வீம்பு, பிடிவாதம் என்று பல பெயர் உண்டு. "இப்பவே அடக்கி வைக்கணும்" என்ற அறிவுரையும் தவறாமல் வரும். எனக்கு அதில் சம்மதமில்லை.

தோசை விஷயத்தையே சொல்கிறேன். சூடு ஆறட்டும் என்று பிய்த்து, சீனியோடு தட்டில் வைத்தேன். வீடு இரண்டுபட்டது.

"ஒட்டிக் கொடு ஆச்சி."

"பிய்ஞ்ச தோசையை எப்படித் தாயி ஒட்டுறது? வயித்துக்குள்ள போனா எல்லாம் ஒண்ணுதானே?"

"போறதுக்கு முன்னாடி அது என் தோசை. என்கிட்ட கேட்டுட்டுப் பிய்க்கணும்."

அடுத்த தோசையை முழுசாகக் கொடுத்தேன். அதை அவளே தாறுமாறாகக் கிழித்துத் தின்றாள். ஆக, பிய்ந்ததில் அவளுக்கு வருத்தமே இல்லை. யார் பிய்ப்பது என்பதுதான் வழக்கு. எழுப்புவது, குளிப்பாட்டுவது, சட்டை மாட்டுவது, தூங்க வைப்பது எல்லாம் நம் இஷ்டம். நாள் முழுக்க அவள் வசம் மிஞ்சுவது ஒரு தோசையும் ஒரு ஜோடி செருப்பும். அதிலும் நாம் கைவைத்தால் அழாமல் என்ன செய்வாள்?

செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு ஒருநாள் வாசலில் நின்றாள். "கால் மாறிப்போச்சே" என்றேன். "காலுக்குத் தெரியாது, நீ சொல்லிராத" என்று உதட்டில் விரல் வைத்தாள். பெருமாள் கோயில் வரை அப்படியே நடந்தோம்.

எங்கள் ஊர் ஸ்ரீவைகுண்டம், குமரகுருபரர் பிறந்த ஊர். ஐந்து வயது வரை பேசாமலிருந்த பிள்ளை, திருச்செந்தூர் சந்நிதியில் வாய் திறந்தது என்பார்கள். 17ஆம் நூற்றாண்டில் அவர் பாடிய மதுரை மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழில், குழந்தையோடு விளையாட நிலாவைக் கூப்பிடும் அம்புலிப் பருவம் உண்டு. புலவர்களையே திணறடிக்கும் பருவம் அது. நயமாகப் பேசி, ஆசை காட்டி, வேறுபடுத்திக் காட்டி, கடைசியில் மிரட்டி, சாம தான பேத தண்டம் நான்காலும் நிலாவை வரவழைக்க வேண்டும்.

போன வாரம் எனக்குக் காய்ச்சல். கஷாயத்தைத் தொடாமல் ஓரமாக வைத்திருந்தேன். பேத்தி வந்து உட்கார்ந்தாள்.

"நீ நல்ல ஆச்சிதானே, குடி."

"கசக்கும் தாயி."

"குடிச்சா என் மிட்டாய்ல பாதி தாரேன்."

நான் அசையவில்லை.

"எதுத்த வீட்டு ஆச்சி எல்லாத்தையும் குடிச்சிருவா. நீதான் மாட்டேங்கிற."

அதற்கும் மசியவில்லை. எழுந்து இடுப்பில் கைவைத்தாள்.

"குடிக்கலைன்னா இன்னைக்கு உன்கூடப் படுக்க மாட்டேன்."

நான்கும் வரிசை தப்பாமல் வந்துவிட்டன. நாங்கள் சோறூட்டும்போது பேசியதையெல்லாம் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறாள். எனக்குக் கொடுக்கக்கூடிய பெரிய தண்டனை, தான் பக்கத்தில் இல்லாமல் போவதுதான் என்று கணக்குப் போட்டிருக்கிறாள் பாருங்கள், அந்தக் கணக்கில் பிசகே இல்லை. தோசைக்கு அழுத அதே வீம்புதான் இப்போது என் காய்ச்சலோடு மல்லுக்கு நின்றது. இதைப் போய் அடக்கச் சொல்கிறார்களே!

ஒரே மூச்சில் குடித்துவிட்டு, பாதி மிட்டாய்க்குக் கை நீட்டினேன்.

"மிட்டாய்க்காகவா குடிச்ச? எனக்காகத்தானே ஆச்சி குடிச்ச?" என்று முழுசாக வாயில் போட்டுக்கொண்டாள்.