தேங்காய் எண்ணெயும் நம் தோலும்



சென்ற மாதம் நெருப்பெரிச்சலில் வீடு சந்திக்கச் சென்றிருந்தேன். ஒரு வீட்டுத் திண்ணையில் பாட்டியார் ஒருவர் கால்களை நீட்டி அமர்ந்து, பிறந்து இரண்டு மாதமே ஆன கொள்ளுப் பேரனைக் கால்மேல் கிடத்தித் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பழைய கண்ணாடிப் புட்டி ஒன்று இருந்தது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் செல்லும் அவருடைய பேத்திக்கு ஆறு மாதமாக இடுப்பைச் சுற்றி அரிப்பு. வட்டம் வட்டமாகப் படர்கிறதாம். அவளும் இரவில் அதே புட்டியிலிருந்து எடுத்துத்தான் தடவுகிறாள்.

"அதுக்குன்னே ரெண்டு கட்டி சூடம் போட்டுக் காச்சி வெச்சிருக்கேனுங்க சாமி. அப்பவும் கொறைய மாட்டேங்குது. எண்ணெயில கலப்படம் பண்ணிப்போட்டாங்களோ என்னமோ" என்றார் பாட்டியார்.

புட்டியை வாங்கி முகர்ந்து பார்த்தேன். சூடத்தின் நெடி மூக்கைத் துளைத்தது. அந்த எண்ணெய்தான் குழந்தையின் மார்பிலும் முதுகிலும் பளபளத்துக்கொண்டிருந்தது.

பாட்டியாரைக் குறைகூற எனக்கு மனமில்லை. தேங்காய் எண்ணெய் நல்லது என்று அவருடைய தாயார் சொன்னார், அது மெய்யே. எந்தத் தோலுக்கு நல்லது, எந்தத் தோலுக்கு ஆகாது என்னும் மறுபாதியை அவருக்கு எவரும் சொல்லவில்லை. திண்ணையில் நின்றபடி அன்று நானும் முழுவதையும் சொல்லிவிட இயலவில்லை. ஆகவே இம்மாதத்துப் பக்கத்தை அதற்கே ஒதுக்குகிறேன்.

நம் பக்கத்தில் தேங்காய் எண்ணெய் என்றவுடன் நினைவுக்கு வருவது காங்கேயம். வறண்ட மேட்டு நிலமாகிய அவ்வூர் இத்தொழிலுக்குப் பெயர்பெற்றதற்குக் காரணம் அந்த வறட்சியேதான். மேற்கு மலைத்தொடர் மழையைத் தடுத்துவிடுவதால் அங்கே ஆண்டின் பெரும்பகுதி நல்ல வெயில். பொள்ளாச்சிப் பக்கமிருந்தும் கேரளத்திலிருந்தும் காய்கள் லாரிகளில் வந்து இறங்குகின்றன. உடைத்த மூடிகளைக் களத்தில் பரப்பிக் காயவைக்கிறார்கள். பச்சைத் தேங்காய்ப் பருப்பில் ஏறத்தாழப் பாதி நீர். அது 100-க்கு 6 பங்கு அளவுக்கு வற்றினால்தான் கொப்பரை செவ்வையாக ஆயிற்று என்பார்கள். அத்தகைய கொப்பரை 100 கிலோவை ஆட்டினால் 60 கிலோவுக்குமேல் எண்ணெய் கிடைக்கும். எஞ்சுவது மாட்டுக்குப் புண்ணாக்கு. சரியாகக் காயாத கொப்பரையில் பூஞ்சை பிடிக்கும். அதைத் தடுக்கக் கந்தகப் புகை போடும் பழக்கமும் சில களங்களில் உண்டு. எண்ணெய் வாங்குகிறவர்கள் காறல் வாடையும் புகை வாடையும் இல்லாத எண்ணெயைக் கேட்டு வாங்குவது நலம்.

மார்கழிக் காலையில் இந்த எண்ணெய் புட்டிக்குள் வெண்ணெய்போல் உறைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதிலுள்ள கொழுப்பில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம் என்பது. 24 அல்லது 25 பாகை வெப்பத்துக்குக் கீழே அது உறைந்துவிடும். எளிதில் காறிப்போகாமல் பல மாதங்கள் தாங்குவதும் இக்கொழுப்பின் இயல்பினாலேயே.

இனி, தோலுக்கு அது செய்வது என்ன? நம் தோலின் மேற்பரப்பு, கீற்று வேய்ந்த கூரையை ஒத்தது. உயிரற்ற மெல்லிய செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்க, இடையிலுள்ள கொழுப்பு அவற்றை ஒட்டவைத்து, உடம்பின் நீர் ஆவியாகிப் போகாமல் காக்கிறது. சோப்பும் வாஷிங் சோடாவும் பிளீச்சிங் மருந்தும் அக்கொழுப்பைக் கழுவிவிடும்போது கூரை ஒழுகத் தொடங்குகிறது. தோல் வறண்டு, வெண்மையாகச் செதில் கிளம்பி, பிறகு வெடிக்கிறது. தேங்காய் எண்ணெய் அந்த ஓட்டையை அடைக்கும் பூச்சு. எண்ணெய் தோலுக்கு உணவு என்று விளம்பரங்கள் சொல்வதை நம்ப வேண்டாம். அது போர்வை, அவ்வளவே. ஆனால் போர்வையும் பெரிய உதவிதான்.

தென்னை மலிந்த பிலிப்பைன் நாட்டு மருத்துவர்கள் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2004-ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், தோல் வறட்சியுள்ள 34 பேரில் ஒரு பகுதியினருக்குத் தேங்காய் எண்ணெயும் மற்றவர்களுக்கு மினரல் ஆயிலும் இரண்டு வாரம் பூசினர். இரண்டும் ஏறத்தாழச் சமமாகவே பயனளித்தன. மினரல் ஆயில் என்பது பெட்ரோலியத்திலிருந்து எடுப்பது. கடைகளில் விற்கும் பல குழந்தை எண்ணெய்களிலும் இருப்பது அதுவே. நம் நிட்டிங் மெஷின்களின் ஊசிக்கு விடும் எண்ணெயும் அதன் உறவுதான். அதைக் கேட்டு எவரும் அஞ்சவேண்டாம். தூய்மைப்படுத்தியது தோலுக்குத் தீங்கு செய்வதில்லை. எனினும் கரப்பான் கண்ட தோலில் தேங்காய் எண்ணெய் முந்திவிட்டது. அதே நாட்டில் 117 குழந்தைகளை எட்டு வாரம் கவனித்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில், மினரல் ஆயில் பூசியவர்களின் கரப்பான் அளவு 100-க்கு 38 பங்கு குறைந்தது. தேங்காய் எண்ணெய் பூசியவர்களுக்கு 68 பங்கு குறைந்தது. கரப்பான் புண்ணில் குடியேறும் ஒருவகைக் கிருமியைத் தேங்காய் எண்ணெய் வெகுவாக ஒடுக்குகிறது என்று 2008-இலேயே பெரியவர்களிடம் நடத்திய மற்றோர் ஆய்வில் கண்டிருந்தார்கள். இவற்றில் பயன்பட்டது கொப்பரையை ஆட்டிய எண்ணெயன்று. பச்சைத் தேங்காயிலிருந்து எடுத்த எண்ணெய். நோயும் கடுமையானதன்று. கரப்பானில் நீர் வடிந்தால் மருத்துவரிடம் செல்வதே முறை.

பச்சிளங் குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதைப் பழமையென்று சிரிக்கும் இளம் பெற்றோர் நம் பங்கிலும் உண்டு. மும்பையில் பிறந்த குழந்தைகளிடம் நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆய்வில், தேங்காய் எண்ணெய் தேய்த்த குறைமாதக் குழந்தைகள் மற்றவர்களைவிட விரைவாக எடை கூடினர். எடை மிகக் குறைந்து பிறக்கும் சிசுக்களின் தோல் வழியே நீர் வீணாவதை இவ்வெண்ணெய் குறைக்கிறது என்று 2015-இல் வெளியான இந்திய ஆய்வு சொல்கிறது. வடநாட்டில் தேய்க்கும் கடுகெண்ணெயும் மேனாட்டார் போற்றும் ஆலிவ் எண்ணெயும் தோலின் காப்பைக் கெடுக்கக்கூடும் என்று தெரியவந்திருப்பதால், இந்த விஷயத்தில் பாட்டிமார்களின் தேர்வு சரியே. ஆனால் எண்ணெய் தனியாக இருக்கவேண்டும். மூக்கிலும் காதிலும் கண்ணிலும் விடலாகாது. இடுக்குகளில் சிவந்து புண்ணாகியிருந்தால் அங்கே பூசாமல் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

ஆலிவ் என்றதும் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. புனித வாரத்தில் ஆயர் மந்திரிக்கும் எண்ணெய் ஆலிவ் எண்ணெயாகவே இருக்கவேண்டும் என்பது நெடுங்கால விதி. அந்த மரம் வளராத நாடுகளின் ஆயர்கள் பலர் முறையிட்டதன்பேரில், திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் 1972 நவம்பர் 30-ஆம் நாள் வெளியிட்ட திருத்தூது ஏட்டில், நோயிற்பூசுதலுக்குத் தாவரத்திலிருந்து எடுத்த வேறு எண்ணெயையும் பயன்படுத்தலாம் என்று இசைவளித்தார். ஆகவே தென்னையின் எண்ணெயும் நோயாளியின் நெற்றியில் இடத் தகுதியுடையதே.

தலைமுடியைப் பற்றி நீண்ட பேச்சு வேண்டியதில்லை. ரேலே, மோஹிலே என்னும் இருவர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், தேங்காய் எண்ணெய் முடியின் உள்ளே ஊடுருவிப் புரதம் கழிவதைக் குறைப்பதையும், சூரியகாந்தி எண்ணெய்க்கும் மினரல் ஆயிலுக்கும் அத்திறன் இல்லாததையும் கண்டார்கள். அவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் மாரிக்கோ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். முடி உடையாதிருக்க எண்ணெய் உதவும். உதிர்ந்த முடியை முளைக்கவைக்கும் என்பதற்கு நல்ல சான்று இல்லை.

இப்போது பேத்தியின் இடுப்புக்கு வருவோம். வட்டமாகப் படர்ந்து, ஓரம் தடித்து, நடுவில் தெளிந்திருக்கும் அரிப்பு பெரும்பாலும் படர்தாமரை. அது பூஞ்சையினால் வருவது. நாள் முழுவதும் வியர்வையில் நனைந்த உடையோடு நிற்போரையும், விடுதியில் துண்டையும் படுக்கையையும் மாற்றிப் பயன்படுத்துவோரையும் அது எளிதில் பற்றும். தேங்காய் எண்ணெய் அதனைக் குணமாக்காது. மாதக்கணக்கில் தடவிக்கொண்டிருந்தால் நோய் வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் தொற்றும். இதைவிடக் கேடான வழி ஒன்றுண்டு. மருந்துக்கடையில் அரிப்பு என்று சொன்னவுடன் எடுத்துக் கொடுக்கும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. அரிப்பு இரண்டு நாளில் அடங்கும்; பூஞ்சையோ அடங்காமல் அகலமாகப் பரவும். இந்தக் கேட்டைக் கண்டே மத்திய அரசு 2018-இல் 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று விதித்தது. விதி இருந்தும் களிம்பு கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது.

தேமலும் பொடுகும் வேறுவகை. தோலில் இயல்பாகவே வாழும் ஒருவகை நுண்பூஞ்சை அளவுமீறுவதால் தேமல் வருகிறது. பொடுகிலும் அதற்குப் பங்குண்டு. அந்தப் பூஞ்சைக்குக் கொழுப்பே உணவு. ஆகவே பொடுகு கண்ட தலையில் எண்ணெயை ஊற்றி ஊறவைப்பது அதற்கு விருந்து வைப்பதாகும். எண்ணெய் தேய்த்தவுடன் செதில் படிந்து மறைவதால் குணமானதுபோல் தோன்றுகிறது. முகப்பரு உள்ள இளைஞர்களும் முகத்தில் இதைப் பூசவேண்டாம், துவாரங்கள் அடைபடும்.

ஊரின் பெயரிலேயே நெருப்பு இருப்பதால் தீக்காயத்தையும் சொல்லிவிடவேண்டும். சுட்ட இடத்தில் உடனே எண்ணெய் தடவுவது தவறு; சூடு உள்ளேயே தங்கிவிடும். குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிடுங்கள். பற்பசை, பேனா மை, மாவு எதுவும் வேண்டாம்.

சூடத்துக்கு வருகிறேன். சூடம் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடம்புக்குள் செல்லும். சிறு குழந்தைகளுக்கு வலிப்பை உண்டாக்கக்கூடும். எண்ணெயில் சூடம் கரைத்து விற்ற கர்ப்பூர எண்ணெயை அமெரிக்க அரசு 1982-இல் சந்தையிலிருந்தே அகற்றியது, குழந்தைகள் அதைக் குடித்து ஆபத்துக்குள்ளானதால்தான். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குச் சூடம் கலந்த எதையும் பூசாதீர்கள். அந்தப் புட்டி கைக்கெட்டும் இடத்தில் இருப்பதும் ஆபத்து.

சாயப்பட்டறையிலும் பிளீச்சிங்கிலும் வேலை செய்யும் சகோதரர்கள் கை வெடிப்பைக் காட்டி என்னிடம் கேட்பதுண்டு. தேங்காய் எண்ணெய் அவர்களுக்கு உண்மையிலேயே உதவும். ஆனால் கையுறையின் வேலையை அது செய்யாது. துணி தொடும் வேலையில் இருப்போர் பகலில் எண்ணெய்க் கையோடு நின்றால் துணி கறைபட்டு சூப்பர்வைசரிடம் ஏச்சு வாங்கவேண்டிவரும். இரவு கைகளைக் கழுவி, ஈரம் சிறிது எஞ்சியிருக்கும்போதே மெல்லியதாகத் தடவிவிட்டுப் படுத்தால், அந்த ஈரமும் உள்ளேயே தங்கும். நீர்க்கொப்புளமோ, சாயம் பட்ட இடமெல்லாம் தடிப்போ கண்டால் அது ஒவ்வாமை. எண்ணெயோடு நிறுத்தாமல் மருத்துவரைக் காணவேண்டும்.

கலப்படம் என்று பாட்டியார் ஐயுற்றதும் காரணமின்றி அன்று. 2025-இல் கேரளச் சந்தையில் தேங்காய் எண்ணெய் கிலோ 400 ரூபாயைத் தாண்டிற்று. விலை ஏறும்போது கலப்பவரும் பெருகுவர். ஃபிரிட்ஜில் வைத்து உறைகிறதா என்று பார்க்கும் சோதனை மினரல் ஆயிலைக் காட்டிக்கொடுக்கும். பாமாயில் பழத்தின் கொட்டைப்பருப்பிலிருந்து எடுக்கும் எண்ணெயைக் காட்டிக்கொடுக்காது. அதுவும் தேங்காய் எண்ணெய்போலவே உறையும். தெரிந்த செக்கில், கண்ணெதிரே ஆட்டி வாங்குவதே எனக்குத் தெரிந்த நல்ல வழி.

சிறு புட்டியில் அடைத்த இவ்வெண்ணெய் சமையலுக்கா, தலைக்கா என்னும் வரி வழக்கு உச்சநீதிமன்றம்வரை சென்றதையும் சிலர் படித்திருப்பீர்கள். 2018-இல் நீதிபதிகள் இருவர் இருவேறு தீர்ப்பளித்தனர். 2024 டிசம்பர் 18-ஆம் நாள் மூவர் அமர்வு, புட்டி சிறியதென்பதனாலேயே அது தலை எண்ணெய் ஆகிவிடாது என்று முடிவு சொல்லிற்று. நம் வீட்டுப் பாட்டிகளைக் கேட்டிருந்தால் இரண்டுக்கும்தான் என்று ஒரு நொடியில் சொல்லியிருப்பார்கள்.

சென்ற ஞாயிறு பூசை முடிந்து அந்தப் பேத்தி வந்து பேசினாள். அரசு மருத்துவமனையில் தோல் மருத்துவரைக் கண்டாளாம். படர்தாமரைதான். மாத்திரை கொடுத்து, அரிப்பு நின்றபிறகும் சொன்ன நாள்வரை விடாமல் சாப்பிடவேண்டும் என்றும், வீட்டில் வேறு யாருக்கும் இருந்தால் அழைத்துவரவேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். குழந்தைக்குப் புதிய எண்ணெய் தனிப் புட்டியில் வாங்கிவிட்டார்கள். பழைய புட்டியைக் கொட்டிவிட்டீர்களா என்று கேட்டேன். "பாட்டி முழங்கால் வலிக்குன்னு எடுத்து வெச்சுக்கிச்சுங்க சாமி" என்றாள். எங்கே வைத்திருக்கிறார் என்று அடுத்த முறை போகும்போது பார்க்கவேண்டும்.