எதிரிக் கூண்டில் ஏறாத இயந்திரம்

பாலமொன்று இடிந்து வீழ்ந்தால் அதைக் கட்டிய பொறியியலாளரையே விசாரணைக்கு அழைப்பர். அதன்மேல் நடந்து சென்றவனையன்று. இங்கிலாந்தின் தபாற் பகுதியிலோ நடந்து சென்றவர்களே சிறைக்கு அனுப்பப்பட்டனர்.

புஜிற்சு நிறுவனத்துக்குரிய ஐ.சி.எல். கம்பனி ஆக்கிய 'ஹொறைசன்' என்னும் கணினிக் கணக்கு முறை 1999ஆம் ஆண்டு முதல் அந்நாட்டுத் தபாற் கந்தோர்களிற் புகுத்தப்பட்டது. பணம் குறைவதாகத் திரை காட்டியபோது உப தபாலதிபர் பலர் தம் கைப்பணத்தை இட்டு நிரப்பினர். இயலாதோர் களவு, பொய்க்கணக்கு என்னும் குற்றங்களுக்காக மன்றில் நிறுத்தப்பட்டனர். 2015 வரையில் தண்டிக்கப்பட்டோர் 900 பேருக்கு மேல்!

பிழை எத்தகையது? ஸ்கொத்லாந்திலுள்ள டல்மெலிங்ரனில் 2015இல் நிகழ்ந்ததைப் பாருங்கள். வந்துசேர்ந்த 8,000 பவுணைப் பதிந்தபோது திரை அசையாது நின்றது. விசை மீண்டும் மீண்டும் அழுத்தப்பட்டது. கணினி அத்தொகையை நான்கு முறை வரவு வைத்து, 24,000 பவுண் குறைகிறதென்றது.

இம்முறை கந்தோர்களுக்கு வருமுன்னரே, 1998இல், அதன் முக்கிய பகுதியொன்றை ஆராய்ந்த உள்ளகக் குழு, நிரல் தரமற்றதென அறிக்கையிட்டிருந்தது. ஓர் எண்ணின் குறியை மாற்றும் சிறு காரியத்துக்கு, அவ்வெண்ணிலிருந்து அதன் இரு மடங்கைக் கழித்திருந்த விந்தையையும் எடுத்துக்காட்டியது. புதிதாக எழுதும் யோசனை எழுந்தது, எழுதவில்லை.

'பிழையற்ற மென்பொருள் உலகில் இல்லை' என்பர் அத்துறையார். மெய்தான். அதனாலன்றோ, கண்ட பிழையை ஒளியாது ஏட்டிற் பதிந்து வைக்கும் ஒழுங்கு வேண்டப்படுகிறது!

எமது சட்டத் தொழிலும் இதிற் கைகழுவ முடியாது. கணினி சரிவர இயங்கிற்றென முதலிற் காட்டினாலன்றி அதன் பதிவு சான்றாகாதென 1984ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டமொன்று விதித்திருந்தது. அவ்விதியை நீக்கும் சட்டம் 1999இல் நிறைவேறிற்று. பின்னர், இயந்திரம் சரியென்றே மன்று அனுமானித்தது. அன்றெனக் காட்டும் சுமை எதிரியின் தலையில், பிழை ஏடோ ஆக்கியோரின் பெட்டகத்தில். கிராமத்துக் கந்தோரை நடத்திய பெண்மணியொருவர் அதை எங்ஙனம் காட்டுவார்? சந்தையில் வெங்காயம் நிறுக்கும் தராசுக்கே அரச முத்திரை கேட்கிறோம்!

555 பேர் தொடுத்த வழக்கில் 2019 டிசம்பரில் நீதியரசர் பிறேசர் தீர்ப்பளித்தார். பழுதுகள் இருந்தன, உப தபாலதிபர் அறியாமலே தொலைவிலிருந்து கணக்கை மாற்றவும் முடிந்தது. 2024 மே மாதம் பாராளுமன்றமே சட்டமியற்றித் தண்டனைகளை ஒட்டுமொத்தமாக நீக்க வேண்டியதாயிற்று. அதற்குள் இறந்துபோனோரும் உளர்.

அந்த அனுமானத்தை என்செய்வதென 2025இல் பிரித்தானிய அரசாங்கம் கருத்துக் கேட்டது. என் கருத்து இது: கணினிக் கணக்கை ஆதாரமாக்கி ஒருவரைக் கூண்டில் ஏற்றுவோர், அதன் சோதனைக் குறிப்புகளையும் பிழை ஏட்டையும் குற்றப்பத்திரத்துடனேயே மன்றிற் சமர்ப்பிக்க வேண்டும். ஏடு இல்லையெனில் வழக்கும் இல்லை.