எலி வளையும் சிற்றுண்ணியும்

வயலில் எலி பெருகினால் நெல் குறையும் என்பதை அறியாத விவசாயி இல்லை. ஆனால் எலி தன் காதோரத்திற் சுமந்து திரியும் மற்றொரு பகையை அறிந்தோர் மிகச் சிலரே. அதுவே சிற்றுண்ணி. இதன் இளம்புழு ஒரு மில்லிமீற்றரில் ஐந்தில் ஒரு பங்கு அளவினது. எனவே எளிதிற் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

இறக்காமத்தை அடுத்த வரிப்பத்தான்சேனை போன்ற ஊர்களில் வயலும் பற்றையும் அருகருகே அமைந்துள்ளன. வரம்பில் வளை தோண்டும் வயலெலி, பெருச்சாளி, மூஞ்சூறு ஆகியவற்றுக்கு இது ஏற்ற உறைவிடம். இவற்றின் உடலில் சிற்றுண்ணியின் இளம்புழு இரண்டு மூன்று நாள் ஒட்டியிருந்து உணவு கொண்டபின் மண்ணில் விழுந்து வளர்கிறது. வளர்ந்த உண்ணி மண்ணிலேயே வாழும், எவரையும் கடிப்பதில்லை. இளம்புழுவோ புல்நுனியில் காத்திருந்து, எலி வராவிடின் அவ்வழி வரும் மனிதனைப் பற்றிக்கொள்கிறது.

சிலவகைச் சிற்றுண்ணிகளின் கடியால் வருவதே ஸ்க்ரப் தைபஸ் எனப்படும் உண்ணிக் காய்ச்சல். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இலங்கையிலிருந்த படைவீரர்களை இது வாட்டியது. அண்மைக் காலத்தில் யாழ்ப்பாணத்திலும் நோயாளர் கண்டறியப்பட்டுள்ளனர். 1948இல் கோலாலம்பூரில் நடந்த ஆய்வில் இதற்கு முதன்முதலாகத் தக்க மருந்து கிடைத்தது. இன்று டொக்சிசைக்கிளின் என்னும் மருந்தினால் இது குணமாகும். காலந்தாழ்த்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

எலிக்கு நஞ்சு வைத்தாற் போதும் என்பர் சிலர். அது பாதி உண்மையே. நோய்க்கிருமி தாய் உண்ணியிலிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்குச் செல்வது. எலி அதற்கு உணவிடமும் ஊர்தியுமேயன்றி முதன்மையான கிருமிக்களஞ்சியம் அன்று. பற்றையை அப்படியே விட்டு எலியை மட்டும் கொன்றால், மண்ணில் எஞ்சிய உண்ணிக்குஞ்சு பசியோடு காத்திருக்கும். ஆகவே வரம்புப் புல்லை வெட்டுதல், வளைகளை வெட்டி அடைத்தல், எலியை ஒழித்தல் ஆகிய மூன்றும் ஒன்றாக நடைபெற வேண்டும். வரம்பின் அகலம் ஓரடிக்கு மேற்படாதிருப்பின் எலி வளை தோண்டுவதும் அரிதாகும்.

இதனை ஒருவர் மட்டும் செய்து பயனில்லை. அயல் வரம்பு பற்றையாய்க் கிடந்தால் எலி மீண்டும் வரும். ஆதலின் போகத் தொடக்கத்துக் கூட்டத்தில் விதைப்பு நாளைக் குறிப்பதுபோல வரம்பு துப்புரவாக்கும் நாளையும் குறித்தல் வேண்டும். தரிசு நிலத்தின் உரிமையாளரும் இதற்கு விலக்கல்லர்.

நியாயம் ஒன்றும் இதில் உண்டு. வயல் போடியாருடையது, புல் வெட்டுபவரோ கூலியாள். உண்ணி கடிப்பது நிலவுரிமையாளரையன்று, புல்லில் இறங்குபவரையே. எனவே நீள்காற்சட்டை, நீள்கைச் சட்டை, காலணி ஆகியவற்றை அவருக்கு அளிப்பது தருமமன்று, கடமையாகும். வெட்டியவர் புல்லில் அமர்ந்து இளைப்பாறாமல், வீடு திரும்பியதும் சவர்க்காரமிட்டுக் குளித்து, உடுத்த உடையைத் துவைத்தல் நன்று.

வயல்வேலை செய்து ஒன்றிரண்டு வாரங்களில் கடுங்காய்ச்சலும் தலைவலியும் கண்டால், அக்குள், அரை முதலிய மறைவிடங்களில் கருமையான பொருக்குப் புண் உண்டோ எனப் பார்த்தல் வேண்டும். புண் இல்லாவிடினும் வாளாவிருத்தல் ஆகாது. உடனே ஆஸ்பத்திரிக்குச் சென்று, வயலில் வேலை செய்த செய்தியை மருத்துவரிடம் தவறாது கூறுதல் வேண்டும்.

நெல்லைக் காக்க எடுக்கும் மண்வெட்டி, அதே உழைப்பில் உயிரையும் காக்குமாயின், அதனைத் தனித்து எடுக்காமல் ஊர்கூடி எடுப்பதே அறிவுடைமை.