ஒரு மாசித்துண்டின் விலை

கொழும்பில் சாப்பாட்டுக்கடை நடத்தும் நம்மவர்களிடம் "உங்கள் கடையில் மரக்கறிச் சாப்பாடு இருக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். "ஏன் இல்லை? பருப்பு இருக்கிறது, கீரை இருக்கிறது, சம்பல் இருக்கிறது" என்றுதான் பெரும்பாலானோர் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனாலும் அந்தப் பதில் எவ்வளவு நட்டமான பதில் என்பதை நான் காசு கொடுத்துப் படித்தவன். அதனால்தான் இந்த வாரம் துணி விலையையும் டொலர் விலையையும் ஒரு பக்கம் வைத்துவிட்டுச் சோற்றுக்கடையைப் பற்றி எழுதுகிறேன்.

2002ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஏ-9 வீதி திறக்கப்பட்ட பின்னர் யாழ்ப்பாணத்துக் கடைக்காரர்கள் நேரடியாகப் புறக்கோட்டைக்கு வந்து சரக்கெடுக்கத் தொடங்கினார்கள். எங்கள் துணிக்கடைக்கும் அவ்வாறு ஒரு பெரியவர் மாதம் ஒருமுறை வருவார். முதல் தடவை கைக்காசு, பிறகு கடன். சொன்ன திகதியில் பணம் வந்து சேரும். அப்படி ஒரு வாடிக்கையாளர் கிடைப்பது அபூர்வம் என்பதை மொத்த வியாபாரம் செய்வோர் அறிவார்கள்.

எங்கள் கடைக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் என் நானா ஒரு சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார். பகல் நேரத்தில் காசு மேசையில் நான் இருப்பதுண்டு. ஒரு நாள் சரக்குக் கட்டி முடியப் பகல் ஒன்றரை மணியாகிவிட்டது. வழமையாகச் செட்டியார் தெருவுக்கு நடந்து போய்ச் சைவக்கடையில் சாப்பிடுபவரை நான்தான் வற்புறுத்தி அழைத்துச் சென்றேன். இருந்தவுடன் அவர் கேட்டார்: "தம்பி, இண்டைக்கு வெள்ளிக்கிழமை. இதிலை மச்சம் ஒண்டும் இல்லைத்தானே?"

"ஒண்டுமில்ல ஐயா, பருப்பும் கத்தரிக்காயும்தான்" என்றேன். சமையலறைக்குள் போய்க் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்ற எண்ணமே வரவில்லை.

பாதிச் சாப்பாட்டில் அவருடைய விரலில் ஒரு மாசித்துண்டு அகப்பட்டது. பருப்பில் கிடந்தது. நகத்தளவு கூட இருக்காது. அதைப் பீங்கானின் ஓரத்தில் வைத்தார். கையைக் கழுவினார். நான் வேண்டாமென்று தடுத்தும் பில்லைக் கொடுத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நீங்கள் தெரியாமல்தான் சொன்னனீங்கள் தம்பி. தெரியாட்டி தெரியாது எண்டு சொல்லியிருக்கலாம்."

அடுத்த மாதம் அவர் வந்தார். பழைய கடனைச் சதம் மீதமில்லாமல் தீர்த்தார். சுகம் விசாரித்தார். புதிய சரக்கு எடுக்கவில்லை. இரண்டு கடை தள்ளி அவருடைய மூட்டைகள் கட்டப்படுவதை நான் வாசலில் நின்று பார்த்தேன். நகத்தளவு மாசிக்கு நான் கொடுத்த விலை அது.

நாம் கேட்கும் அதே கேள்வி

அவருடைய மனவருத்தம் எப்படிப்பட்டது என்பது எனக்குப் பாங்கொக்கில்தான் விளங்கியது. பிரத்துனாம் சந்தையில் ஆயத்த ஆடை எடுக்கப் போகும் நம்மவர்களுக்கு அந்த அனுபவம் இருக்கும். பசி நேரத்தில் ஒரு ஒழுங்கைக் கடையில் மரக்கறிப் பொரித்த சோறு கேட்டேன். "பன்றி இல்லையே?" என்று இரண்டு தடவை கேட்டேன். "இல்லை, இல்லை" என்று சிரித்த முகத்துடன் தலையசைத்தார்கள். நான்கு வாய் சாப்பிட்ட பின்னர்தான் கண்டேன், பக்கத்து அடுப்பில் எலும்பு கொதிக்கும் பெரிய பானையில் இருந்து ஓர் அகப்பை சாறு அள்ளி அடுத்தவரின் சோற்றில் ஊற்றுகிறார்கள். அது பன்றி எலும்பு. அந்தப் பிள்ளையும் பொய் சொல்லவில்லை. இறைச்சித் துண்டு இல்லை என்பதைத்தான் அவள் சொன்னாள். நான் பருப்பும் கத்தரிக்காயும் என்று சொன்னது போல.

ஒரு முஸ்லிம் வெளியூரில் "இது ஹலாலா?" என்று கேட்பதற்கும், ஒரு சைவர் நம் கடையில் "இதில் மச்சம் இல்லையே?" என்று கேட்பதற்கும் என்ன வித்தியாசம்? இரண்டு பேரும் சமையலறைக்குள் போய்ப் பார்க்க முடியாதவர்கள். இரண்டு பேரும் கடைக்காரரின் வாய் வார்த்தையை நம்பித்தான் கையை வைக்கிறார்கள். அந்த வார்த்தை அமானிதம். 2013ஆம் ஆண்டில் ஹலால் இலச்சினைக்கு எதிரான பிரசாரம் நடந்த போது, தான் உண்ணும் உணவில் என்ன இருக்கிறது என்பதை அறிய நுகர்வோருக்கு உரிமை உண்டு என்றுதானே நாம் வாதாடினோம். அந்த வாதம் நம் அடுப்படிக்கும் பொருந்த வேண்டும்.

சென்னையில் கண்டது

துணி எடுக்கச் சென்னைக்குப் போகும் நம்மவர்கள் பலர் திருவல்லிக்கேணியிலும் மண்ணடியிலும் தங்குவார்கள். திருவல்லிக்கேணியில் வாலாஜா பள்ளிவாசலும் உண்டு, பார்த்தசாரதி கோயிலும் உண்டு. புரியாணிக் கடைகளுக்குக் குறைவில்லாத அந்தப் பகுதியில்தான் 1948ஆம் ஆண்டு ஆரம்பித்த ரத்னா கபேயும் இருக்கிறது. இட்லி மூழ்கும் அளவுக்குச் சாம்பார் ஊற்றிக் கொடுப்பது அதன் அடையாளம். காலையில் அங்கே போனால் தொப்பி போட்டவர்களும் திருநீறு பூசியவர்களும் ஒரே மேசையில் சாப்பிடுவதைக் காணலாம். அறியாத ஊரில் ஹலால் பற்றிச் சந்தேகம் வரும்போது நாமே சைவக்கடையைத்தான் தேடுகிறோம் என்பதை யோசித்துப் பாருங்கள்.

அங்கே வாசலில் "உயர்தர சைவ உணவகம்" என்று பலகை இருக்கும். பொதி செய்யப்பட்ட உணவுப் பொருளென்றால், சைவமாக இருந்தால் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி போட வேண்டும் என்பது இந்தியாவில் சட்டம். வாங்குபவர் யாரிடமும் கேட்கத் தேவையில்லை. கேட்க வைக்காமல் இருப்பதே அவர்களுடைய வியாபாரத்தின் பாதி.

கொழும்பிலும் இதை அறிந்தவர்கள் இருக்கிறார்கள். பம்பலப்பிட்டியில் கிறீன்லண்ட்ஸ், சரஸ்வதி லொட்ஜ், வெள்ளவத்தையில் ஷண்முகாஸ் என்பவை எல்லாச் சமூகத்தவரும் அறிந்த பெயர்கள். போயா தினங்களில் சிங்களக் குடும்பங்கள் சைவக்கடைகளைத் தேடிப் போவதை நான் பார்த்திருக்கிறேன். நம்மவர்களும் தோசைக்கும் வடைக்கும் அங்கே போகிறார்கள். அவர்கள் நம்மிடம் வருகிறார்களா?

ஒருவருக்காக ஆறு பேர்

இதில் வியாபாரக் கணக்கு ஒன்று இருக்கிறது. ஓர் அலுவலகத்தில் இருந்து ஆறு பேர் பகல் உணவுக்குப் புறப்படுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேர் இறைச்சி சாப்பிடுபவர்கள், ஒருவர் சைவம். எந்தக் கடைக்குப் போவது என்பதைத் தீர்மானிப்பது யார்? அந்த ஒருவர்தான். அவருக்கு நம்பிக்கையாகச் சாப்பிட ஒன்றும் இல்லாத கடைக்கு மற்ற ஐந்து பேரும் போகமாட்டார்கள். ஆகவே மரக்கறிச் சாப்பாட்டைச் சரியாகச் செய்யாத கடைக்காரர் ஒரு பார்சலை இழக்கவில்லை, ஆறு பேரின் பில்லை இழக்கிறார். ஐந்து பிளேட் புரியாணியும் அதில் சேர்த்தி. அது அவருடைய கணக்குப் புத்தகத்தில் நட்டமாக எழுதப்படுவதில்லை. வராதவர்களை யார் எண்ணுவது?

இன்னொன்று. 2024ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த உல்லாசப் பயணிகள் 20 இலட்சத்திற்கும் மேல். அவர்களில் 4 இலட்சத்திற்கும் அதிகமானோர் இந்தியர்கள். எல்லா இந்தியரும் சைவர் அல்லர். ஆனால் ஒரு குடும்பத்தில் தாயார் மட்டும் சைவமாக இருந்தாலும் மேலே சொன்ன கணக்குத்தான்.

எங்கே தவறுகிறோம்?

நம் சமையலறையில் மச்சம் மறைந்திருக்கும் இடங்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். தேங்காய்ச் சம்பலிலும் சீனிச் சம்பலிலும் மாசி. கத்தரிக்காய் மோஜுவிலும் சிலர் மாசி போடுவார்கள். மரக்கறிச் சூப்பில் கோழி கியூப். மரக்கறி நூடில்ஸில் சிப்பி சோஸ். தால்ச்சாவைப் பார்த்தால் பருப்பும் மரக்கறியும்தான், அடியில் எலும்பு. ரொட்டி மாவில் சில கடைகளில் முட்டை. வட்டிலப்பம் முட்டையில்லாமல் இல்லை. பலூடாவில் போடும் ஜெலி, ஜெலட்டினா கடல்பாசியா என்று கேட்டால் போடுபவருக்கே தெரியாது. மரக்கறிக் கொத்து என்கிறோம், சற்று முன் மாட்டிறைச்சி கொத்திய அதே தட்டில், அதே தகட்டால் கொத்துகிறோம். மீன் ரோல்ஸ் பொரித்த எண்ணெயில் மரக்கறிக் கட்லட் பொரிக்கிறோம்.

இவை எதுவும் கெட்ட எண்ணத்தில் நடப்பதல்ல. மாசியை நாம் மச்சமாக நினைப்பதே இல்லை, அது நமக்குக் கறிவேப்பிலை போல. பிரச்சினை அங்கேதான்.

சைவத்திலும் பல வகை உண்டு. நம் நாட்டு இந்துக்கள் பலர் விரத நாளில் முட்டையையும் தொடமாட்டார்கள். பௌத்தர்களில் சிலர் இறைச்சியை மட்டும் விலக்குவார்கள். ஜைனர்கள் வெங்காயம், பூண்டு, கிழங்கு வகைகளையும் விலக்குவார்கள். வெள்ளைக்காரர்களில் பாலும் நெய்யும்கூட வேண்டாம் என்பவர்கள் இருக்கிறார்கள். எல்லோரையும் திருப்திப்படுத்த ஒரு சிறிய கடையால் முடியாது. ஆனால் எதில் என்ன இருக்கிறது என்று சொல்ல எந்தக் கடையாலும் முடியும்.

செய்யக்கூடியவை

முதலாவது, மரக்கறிக்கென்று தனிச் சட்டி, தனி அகப்பை, ஒரு சிறிய தனித் தாச்சி. இதற்குப் பெரிய முதல் தேவையில்லை. இரண்டாவது, மாசி போடாத பருப்பு ஒன்றையும் சம்பல் ஒன்றையும் தினமும் வைத்தல். மாசியைக் கடைசியில் பிரித்துச் சேர்த்தால் இரண்டு வகையும் ஒரே வேலையில் முடியும். மூன்றாவது, பரிமாறும் பையன்களுக்குக் காலையில் ஐந்து நிமிடம் ஒதுக்கி இன்று எதில் என்ன இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்தல். நான்காவது, தெரியாவிட்டால் "கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லப் பழக்குதல். இவற்றில் மிகவும் கஷ்டமானது நான்காவதுதான்.

"நம்முடையது புரியாணிக் கடை, இதெல்லாம் நமக்கு எதற்கு?" என்று கேட்கும் முதலாளிகளும் உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 2022இல் எரிவாயு இல்லாமல் அடுப்பை அணைத்தவர்கள், 2024 ஜனவரியில் ஒரு கிலோ கரட்டுக்கு ஆயிரம் ரூபாவுக்கு மேல் கொடுத்தவர்கள், இன்னொரு சட்டியை ஏற்றத் தயங்குவது இயல்பு. அப்படியானால் ஏற்ற வேண்டாம். "எங்களிடம் தனியாக இல்லை ஐயா, அடுத்த தெருவில் நல்ல சைவக்கடை இருக்கிறது" என்று வழி காட்டி விடுங்கள். அப்படி அனுப்பப்பட்டவர் உங்களைப் பற்றி நான்கு பேரிடம் நல்லதாகச் சொல்வார். அரைகுறையாகச் செய்வதுதான் ஆபத்து.

செய்ய முடிந்தவர்கள் பருப்பும் சோறும் கொடுத்து ஒதுக்கிவிடவும் கூடாது. நம் வீட்டுச் சமையலில் நெய்ச்சோறும் கஜுக்கறியும் அன்னாசிக்கறியும் மாசியில்லாத கத்தரிக்காய் மோஜுவும் இருக்கின்றன. கலியாண வீட்டில் நாம் பெருமையுடன் வைக்கும் பண்டங்கள் இவை. கடையில் ஏன் வைப்பதில்லை?

ஒரு விடயத்தைத் தயக்கத்துடன்தான் எழுதுகிறேன். 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக்கடையின் உணவில் கருத்தடை மாத்திரை கலந்ததாக வதந்தி பரப்பப்பட்டு, கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மாவுக்கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை பின்னர் சொன்னது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு நம் கடைகளைப் பகிஷ்கரிக்கச் சொன்னவர்களையும் பார்த்தோம். வெறுப்பைப் பரப்புவோரைத் தனிச் சட்டி வைத்து மாற்றிவிட முடியாது. அவர்கள் செய்த அநியாயத்துக்கு நம் அடுப்படி காரணமுமல்ல. ஆனால் நம் சட்டியில் என்ன இருக்கிறது என்பதைப் பல வருடம் கண்ணால் கண்ட அயலவர், அடுத்த வதந்தி வரும்போது "இல்லை, எனக்கு அந்தக் கடையைத் தெரியும்" என்று சொல்வார். அந்த ஒரு வார்த்தைக்கு விலை போட முடியாது.

நானாவின் கடை இப்போது இல்லை. துணிக்கடை இருக்கிறது. தூரத்து வாடிக்கையாளர்கள் வந்தால் சாப்பாட்டுக்கு அழைத்துப் போவதும் தொடர்கிறது. ஆனால் உட்காருவதற்கு முன்னர் நானே சமையலறை வாசலுக்குப் போய்க் கோக்கியிடம் கேட்கிறேன். "எதுக்கு நானா இவ்வளவு விசாரணை?" என்று சிலர் சிரிப்பார்கள். அந்தப் பெரியவர் சொன்ன வார்த்தையை அவர்களுக்கு நான் சொல்வதில்லை. இன்று உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். உங்கள் கடையில் யாராவது "இதில் மச்சம் இருக்கிறதா?" என்று கேட்டால், பதில் சொல்வதற்கு முன்னர் ஒருமுறை சட்டியைப் போய்ப் பாருங்கள்.